அந்த அழைப்பு உங்கள் மனைவிக்கு வந்தது

கேள்வி: ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். மூன்றாண்டுப் பணிக்காக மனைவி, நான்கு வயது மகளுடன் நகோயா செல்லவிருக்கிறேன். அலுவலகத்தில் இரண்டு நாள் கலாசாரப் பயிற்சி கொடுத்தார்கள். மனைவியையும் அழைத்திருந்தார்கள், அவள் வீட்டில்தானே இருக்கப்போகிறாள் என்று நான் மட்டும் சென்றேன். குனிந்து வணங்குவதும் விசிட்டிங் கார்டை இரு கைகளால் நீட்டுவதும் எதற்கு உதவும்? அங்குள்ள மேலதிகாரியின் நம்பிக்கையைப் பெற என்ன வழி?
— வாசகர், படப்பை

பதில்: 'அவள் வீட்டில்தானே இருக்கப்போகிறாள்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. எந்தக் கிழமையில் எந்தக் குப்பையைப் பிரித்து வெளியே வைக்க வேண்டும், மகளின் பள்ளியிலிருந்து ஜப்பானிய மொழியில் வரும் கடிதத்துக்கு யாரிடம் பொருள் கேட்பது, நிலம் அதிர்ந்தால் குழந்தையோடு எங்கே ஒதுங்குவது, நள்ளிரவில் காய்ச்சல் ஏறினால் ஆம்புலன்ஸுக்கு அங்கே 119ஐ அழைக்க வேண்டும் என்பது, இவை அத்தனையும் அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் தலையில்தானே விழும்? உங்களுக்காவது தொழிற்சாலையில் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சக ஊழியர்கள் இருப்பார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பிய ஊழியர்கள் ஏன் தோற்றுத் திரும்புகிறார்கள் என்று அமெரிக்கப் பன்னாட்டு நிறுவனங்களிடம் ரோசலி டங் நடத்திய ஆய்வு 1981இல் வெளிவந்தது. வாழ்க்கைத்துணையால் புதிய இடத்தோடு ஒட்ட முடியாமல் போனதையே அந்நிறுவனங்கள் முதற்காரணமாகச் சொல்லியிருந்தன. உங்கள் மனைவிக்கு அழைப்பு வந்ததை வெறும் உபசாரமாக எண்ணிவிட்டீர்கள்.

மேலதிகாரியைப் பற்றிக் கேட்டீர்கள். ஜப்பானிய அலுவலகங்களில் 'ஹோரென்சோ' என்பார்கள்: அறிக்கை தருவது, தகவல் சொல்வது, கலந்து பேசுவது. வேலை முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல், தடங்கல் தெரிந்த அன்றே போய்ச் சொல்லுங்கள். நம்பிக்கை அப்படித்தான் வளரும். ஆனால் அந்தக் கலந்து பேசுதலை நீங்கள் வீட்டிலேயே செய்யவில்லையே! மனைவிக்கு வந்த அழைப்பை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீங்களே மறுத்திருக்கிறீர்கள். இங்கே அவர் எதை விட்டுவிட்டு உங்களோடு வருகிறார் என்பதற்குக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குடும்பத்தைக் கடல் கடந்து கூட்டிச் செல்பவரின் கடமை விசாவோடும் விமானச் சீட்டோடும் தீர்ந்துவிடுவதாக நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்றிரவே நடந்ததை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். திங்கட்கிழமை மனிதவளத் துறைக்குப் போய், அவருக்கென இன்னொரு நாள் பயிற்சி வேண்டுமென்று கேட்டு, நீங்களும் உடன் உட்காருங்கள். சென்னையிலேயே ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் ஜப்பானிய மொழி கற்பிக்கிறார்கள். அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். விருப்பமென்றால், வகுப்பு நேரங்களில் மகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.