பாசி எடுக்கும் சித்திக்கு ஒரு சட்டை: உடைத்தொழில் பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

மண்டபத்துக்குப் பக்கத்தில் பத்து ஆண்டுகளாகச் சொந்தப் பெயரில் உடைகள் தைத்து விற்றுவருகிறேன். மூன்று இயந்திரங்கள், என்னோடு நான்கு பெண்கள். சொந்தமாக உடைப் பிராண்ட் தொடங்க நினைப்பவர்கள் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற வாரம் சொல்லியிருந்தேன். பணத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. இதில் வாழ்க்கைக்கு ஒரு பிடிப்பு கிடைக்குமா என்று கேட்டவர்களே அதிகம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா, பி.காம். முடித்தேன், தையலும் தெரியும். வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விடுவார், பிள்ளைகள் பள்ளிக்கு. பகல் முழுக்க வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு பிராண்ட் தொடங்கினால் இந்த வெறுமை போகுமா? (பாம்பன்)

எனக்கு முதல் ஆறு மாதம் வெறுமை கூடத்தான் செய்தது, தங்கச்சி. பெயர் வைத்தேன், அட்டை அச்சடித்தேன், முப்பது குர்த்தி தைத்து அலமாரியில் அடுக்கினேன். யாருக்காகத் தைத்தாய் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

ஒருநாள் பக்கத்துத் தெருச் சித்தி ஒரு கிழிந்த சட்டையோடு வந்தார். தீவுகளுக்குப் போய்க் கடலில் முங்கிக் கடற்பாசி எடுப்பவர். சேலைக்கு மேல் அவர் போட்டுக்கொள்ளும் சட்டை அது, கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை. உப்பு ஏறி அட்டைபோல் விறைத்திருந்தது. பாறையில் உரசி இரண்டு முழங்கையும் நைந்திருந்தன. விரல்களில் சுற்றிக் கட்டும் துணிக்கீற்றுகள் பையிலேயே சுருண்டு கிடந்தன. ஒட்டுப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். நான் அவரை உட்காரவைத்து, தண்ணீருக்குள் இந்தச் சட்டை என்ன செய்கிறது என்று கேட்டேன். அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலும். ஒரு மணி நேரம் பேசினார். முங்கும்போது சட்டை காற்றடைத்து மேலே எழும்புகிறது, கையை நீட்டினால் கக்கத்தில் இழுக்கிறது, கரையேறிய பிறகு காய்வதே இல்லை.

மெல்லிய கலப்புத் துணியில், இடுப்பில் இரண்டு பக்கமும் கட்டும் நாடா வைத்து, கக்கத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு சேர்த்து, முழங்கையில் இரட்டைத் துணி வைத்துத் தைத்தேன். முதல் சட்டை தோற்றது. இரண்டாவதில் மணிக்கட்டு இறுக்கிப் பிடித்தது. மூன்றாவது பொருந்தியது. அடுத்த வாரம் சித்தி நான்கு பேரைக் கூட்டிவந்தார். அளவெடுத்து முடிந்த பிறகும் அவர்கள் திண்ணையை விட்டு எழவில்லை. கச்சான் காற்று, மகள் கல்யாணம், முழங்கால் வலி என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. விளக்கு வைத்த பிறகுதான் நேரம் போனதே தெரிந்தது.

அந்தக் கக்கத்துத் துண்டும் பக்க நாடாவும் வைத்துப் பருத்தியில் தைத்த குர்த்திதான் இன்று மதுரையிலும் சென்னையிலும் எங்களிடம் அதிகம் விற்பது. ஆகவே, பிராண்டுக்குப் பெயர் தேடுவதற்கு முன்னால், பெயர் தெரிந்த ஒரு மனிதரைத் தேடுங்கள். அவர் உடம்புக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். வெறுமைக்கு நான் கண்ட மருந்து அதுதான்.

முதல் எவ்வளவு வேண்டும்? விலை எப்படி வைப்பது? (தங்கச்சிமடம்)

இயந்திரம் இருந்தால் பன்னிரண்டு உடைக்கான துணிக்காசு போதும். என் கணக்கைச் சொல்கிறேன். ஒரு குர்த்திக்கு 2.5 மீட்டர், மீட்டர் 180 ரூபாய் என்றால் 450. தையல் கூலி 220. நூல், பொத்தான், கேன்வாஸ் 40. பையும் அட்டையும் 30. இதோடு நிறுத்திவிட்டு 740 தான் அடக்கம் என்று பெண்கள் எழுதிவிடுகிறார்கள். வெட்டியதும் வடிவமைத்ததும் யார்? உங்கள் கூலி 150 சேர்த்து 890 என்று எழுதுங்கள். நான் 1,250க்கு விற்கிறேன். மீதியில்தான் மின்கட்டணமும், அனுப்பும் செலவும், விற்காமல் நிற்கும் உருப்படிகளும் அடங்க வேண்டும்.

வட்டிக்கு வாங்கித் தொடங்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நம் கரையில் யார் கையிலும் காசு ஓடாது. அந்த நேரத்தில் பாக்கி கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்க மாட்டேன் என்று முதல் ஆண்டே முடிவு செய்தேன். அந்த இரண்டு மாதங்களுக்கு வெளியூர் ஆர்டர்களை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

அப்பா எமனேசுவரத்தில் கைத்தறி நெய்கிறார். நான் வடிவமைப்பு படித்திருக்கிறேன். புதுப்புது டிசைன் சொன்னால் 'ஐந்து மீட்டருக்கெல்லாம் தறியை மாற்ற முடியாது' என்கிறார். அவரை எப்படி மாற்றுவது? (பரமக்குடி)

அவர் சொல்வது சரி, தம்பி. தறியில் நீளவாக்கில் நிற்கும் பாவு நூலை ஓட்டி, கஞ்சி போட்டு, ஒவ்வொரு இழையாக, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் சீப்பு போன்ற அச்சிலும் கோத்து முடிப்பதற்குள் எத்தனை நாள் போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதை ஐந்து மீட்டருக்காகக் கலைக்கச் சொல்வது அவருடைய உழைப்பை அவமதிப்பதாகும்.

வழி ஊடையில், அதாவது குறுக்கே ஓடும் நூலில், இருக்கிறது. பாவு ஒன்றுதான்; அதன் மேல் ஊடை நூலின் நிறத்தை உருப்படிக்கு உருப்படி மாற்றலாம். கருநீலப் பாவில் சிவப்பு ஊடை ஓடினால் ஊதா மின்னும், மஞ்சள் ஓடினால் பச்சை தெரியும். ஒரே தறியில் எட்டு வகைத் துணி கிடைக்கும். நூலின் நம்பரையும் கலந்து பார்க்கலாம். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள நூல்கட்டு, அதாவது சிட்டம், எத்தனை இருக்கிறது என்பதுதான் நம்பர். அதனால் 80ஆம் நம்பர் நூல் 40ஐ விட மெல்லியது. மெல்லிய பாவில் தடித்த ஊடை விட்டால் துணிக்கு நல்ல சொரசொரப்பு வரும், சட்டைக்கு நன்றாக இருக்கும். இதைப் படமாக வரைந்து காட்டாதீர்கள். நூலை அவர் கையில் கொடுத்து, 'இது எப்படி வரும் அப்பா?' என்று கேளுங்கள். நாற்பது ஆண்டு தறியில் இருந்தவர் உங்களைவிட நல்ல யோசனை சொல்வார். அட்டையில் அவர் பெயரைப் போடுங்கள். எனக்கு நெய்து தருகிறவர் தம் பெயர் அச்சிட்ட முதல் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினார்.

இயற்கைச் சாயம் மட்டுமே பயன்படுத்த ஆசை. கடுக்காயில் தோய்த்த துணி மஞ்சளாக வராமல் சாம்பல் நிறமாகிவிடுகிறது. (ராமேசுவரம்)

உங்கள் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருக்கும். கறுப்புச் சாயம் செய்வதே அப்படித்தான். மழைநீரைப் பிடித்துவைத்துப் பாருங்கள், இரும்புப் பாத்திரத்தையும் தவிருங்கள். அந்தச் சாம்பலும் அழகாகவே இருந்தால் அதையே உங்கள் நிறமாக வைத்துக்கொள்ளவும் செய்யலாம். உங்கள் ஊர்க் கிணறு தந்த நிறம் அது.

நம் கரை மணலில் இம்பூறல் என்ற சிறு செடி முளைக்கிறது. சாயவேர் என்பது அதன் வேர்தான். படிகாரம் ஏற்றிய பருத்தியில் அது தரும் சிவப்பு சோழமண்டலக் கரைத் துணிகளுக்குக் கடல் கடந்து பெயர் வாங்கித் தந்தது. ஆனால் வேரைத் தோண்டினால் செடி போய்விடும். காட்டில் பிடுங்காமல் கொல்லையில் பாத்தி கட்டி வளர்த்து எடுங்கள்.

பெயரைப் பதிவு செய்ய வேண்டுமா? (தேவிபட்டினம்)

செய்யுங்கள். உடைகளுக்கு வணிகக்குறிப் (டிரேட்மார்க்) பதிவில் 25ஆம் வகுப்பு. தனிநபர் இணையவழியே விண்ணப்பிக்கக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

துபாயில் வேலை பார்த்துத் திரும்பியிருக்கிறேன். தனுஷ்கோடி இடிந்த தேவாலயத்தை டி-ஷர்ட்டில் அச்சிட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கலாம் என்று திட்டம். (கீழக்கரை)

விற்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் அந்த ஊரைக் கொண்டுபோயிற்று. பாம்பனிலிருந்து போன ரயிலில் இருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தச் சுவர் நமக்கு ஒரு காட்சி. அங்கே இன்னும் குடிசை போட்டு வலை இழுக்கிறவர்களுக்கு அது தாத்தா பாட்டி நின்று கும்பிட்ட கோயில்.

முதலில் நாலு நாள் அங்கே போய் உட்காருங்கள். பெரியவர்களிடம் கேளுங்கள், அந்த ஊரில் என்னென்ன இருந்தன என்று. பள்ளிக்கூடம், தபால் நிலையம், இலங்கைக்குப் போன கப்பல் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, இடிந்த சுவரைவிட நூறு மடங்கு நல்ல படங்கள் உங்களுக்குக் கிடைக்கும். அச்சிட்டதும் முதல் உருப்படியை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் முகம் சுருங்கினால் நிறுத்திவிடுங்கள்.

துணி திருப்பூரில் எடுத்தால் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்) பருத்தி கேளுங்கள். நம் வெயிலுக்கு அதற்கு மேல் கனம் தாங்காது.

கொக்கி வைத்த ரவிக்கைகள் கடையில் இருக்கும்போதே துருப்பிடிக்கின்றன. (மண்டபம்)

உப்புக்காற்று. கொட்டாங்கச்சிப் பொத்தானுக்கு மாறுங்கள், அல்லது துணி நாடா வையுங்கள். கஞ்சி போட்ட துணியையும் அடுக்கி வைக்காதீர்கள். வாடைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

படம் போட்டால் ஐந்நூறு பேர் விரும்புகிறார்கள். வாங்குவது இரண்டு பேர். மனம் விட்டுப்போகிறது. (ராமநாதபுரம்)

அந்த இரண்டு பேருக்கும் போன் செய்தீர்களா? மூன்று முறை துவைத்த பிறகு துணி எப்படி இருக்கிறது, தோள் சரியாக உட்கார்ந்ததா என்று கேட்டீர்களா? நான் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதம் கழித்துப் பேசுவேன். ஒருவர் இடது கை சற்றுக் குட்டை என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அடுத்த உடையில் அந்தக் கைக்குத் தனி அளவு வைத்தேன். ஏழு ஆண்டுகளாக அவர் வேறு எங்கும் துணி எடுப்பதில்லை. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கும் வருகிறார். ஐந்நூறு பேரைப் பற்றிய கவலையை இப்போதைக்கு விடுங்கள்.

அம்மா போன ஆண்டு இறந்துவிட்டார்கள். அவர்களுடைய பதினோரு சேலைகள் இருக்கின்றன. அவற்றை வெட்டி உடையாக்கி, இதுபோல் மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கும் தொழிலாக்கலாமா என்று தோன்றுகிறது. கத்திரியை எடுத்தால் கை நடுங்குகிறது. (தொண்டி)

நடுங்கட்டும் அம்மா. நடுங்காத கையிடம் இந்த வேலையை யாரும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள். அம்மாவின் சேலையை உங்களிடம் நீட்டுகிறவரும் இதே நடுக்கத்தோடுதான் வருவார். அவர் பேசி முடிக்கும்வரை கத்திரியைத் தொடாமல் காத்திருக்க உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் நல்ல சேலையை எடுக்காதீர்கள். அடுக்களையில் உடுத்தி நைந்ததை எடுங்கள். வெயிலில் பிடித்துப் பாருங்கள், இழை எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரியும். மடிப்பு விழுந்த இடமும் கொசுவம் செருகிய இடமும்தான் முதலில் போகும். அந்த இடங்களுக்கு அடியில் மெல்லிய பருத்தியை வைத்து ஓட்டுத் தையல் போடுங்கள். முந்தானையை முழுதாக விட்டுவிடுங்கள், அதைக் கடைசியில் முடிவு செய்யலாம். மஞ்சள் கறை இருந்தால் வெளுக்கவைக்காதீர்கள்.

புதன்கிழமை நாங்கள் வெட்டும் நாள். தொண்டியிலிருந்து காலை பஸ்ஸில் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடலாம். ஒரு சேலை மட்டும் கொண்டுவாருங்கள். இஸ்திரி போட வேண்டாம். அம்மா மடித்துவைத்த மடிப்போடு அப்படியே எடுத்துவாருங்கள்.