உறையைக் குறை சொல்லாதீர்கள், பெல்ட்டை முறுக்கிப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, துப்பாக்கி உறையை மாட்டும் இடுப்பு பெல்ட் பற்றியவை. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கிகள் வீடு திரும்பிவிட்டன போலிருக்கிறது. மூன்று பேர் தங்களிடம் இருப்பது என்ன துப்பாக்கி என்றே எழுதவில்லை. அவர்களுக்குப் பதிலும் இல்லை.

.32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். புது உறை வாங்கியும் பிடி வெளிப்பக்கம் சாய்ந்து சட்டையை முட்டுகிறது. வேறு உறை வாங்கட்டுமா? (எஸ்டேட் மேலாளர், வால்பாறை)

உறை பாவம், அதை விடுங்கள். இப்போது கட்டியிருக்கும் பெல்ட்டைக் கழற்றி, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்குங்கள். சுலபமாகத் திருகிக்கொண்டால் அது பேன்ட்டைப் பிடிப்பதற்கான பெல்ட். கான்பூர் அரசு ஆலையில் செய்யும் .32 ரிவால்வர் முக்கால் கிலோவை ஒட்டி வரும். ஆறு தோட்டா, உறை எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையில் பெரும்பங்கு பெல்ட்டுக்கு மேலேயும் வெளியேயும் நிற்கிறது. பெல்ட்டின் மேல் விளிம்பு வெளியே மடங்குகிறது, கூடவே பிடியும் சாய்கிறது. அகலவாக்கில் விறைப்பு இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒன்றரை இன்ச் அகலம், ஐந்து மி.மீ. வாக்கில் கனம், இரண்டு அடுக்குத் தோல், சுற்றிலும் தையல். உங்களுக்கு அது போதும். பேன்ட்டில் உறைக்கு முன்னால் ஒரு லூப், பின்னால் ஒரு லூப் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் டெய்லரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றேகால் இன்ச் பெல்ட் வீட்டில் நிறைய இருக்கிறது. அதையே போடலாமா?

உறையின் லூப் ஒன்றரை இன்ச்சாக இருந்தால் கூடாது. அந்தக் கால் இன்ச் இடைவெளியில் உறை ஊஞ்சலாடும். துப்பாக்கியை உருவும்போது உறையும் சேர்ந்து மேலே வரும்.

என் இடுப்பு 36. எந்த சைஸ் பெல்ட் வாங்க வேண்டும்? (மதுரை, திருச்சி, ஓசூர், இன்னும் ஏழு பேர்)

உங்கள் இடுப்பு 36 என்று யார் சொன்னது? பேன்ட்டில் தைத்திருக்கும் லேபிள்தானே? அந்த 36-ஐ டேப் வைத்து அளந்தால் 38, சில கம்பெனிகளில் 39 வரும். வாங்குகிறவர் மனம் கோணக்கூடாது என்று அவர்கள் போடும் நம்பர் அது. ஏற்கெனவே எழுதியதுதான், திரும்பவும் எழுதுகிறேன்: டேப்பை எடுத்து அளங்கள். இப்போது போடும் பெல்ட்டைத் தரையில் நீட்டி வைத்து, பக்கிள் சேரும் மடிப்பிலிருந்து நீங்கள் மாட்டும் ஓட்டை வரை அளந்தால் வருவதுதான் உங்கள் சைஸ். பேன்ட்டுக்கு உள்ளே செருகும் உறை என்றால் இன்னும் இரண்டு இன்ச் சேருங்கள். ஐந்து ஓட்டையில் நடு ஓட்டைக்கு வருகிற மாதிரி கேளுங்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு ஓட்டை, பின் ஒரு ஓட்டை என்று மாற்ற இடம் வேண்டும். ஓட்டைகளுக்கு நடுவே ஒரு இன்ச் விடுவதைவிட முக்கால் இன்ச் நல்லது.

மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்து 'ஜெனியூன் லெதர்' முத்திரை போட்ட பெல்ட் வாங்கினேன். ஆறே மாதத்தில் ஓட்டைப் பக்கம் தோல் உரிந்து உள்ளே சாம்பல் நிறத்தில் அட்டை மாதிரி ஏதோ தெரிகிறது. கடைக்காரர் 'தோல்தான் சார், கேரண்டி' என்கிறார். (நகைக்கடை உரிமையாளர், கோவை)

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். 'ஜெனியூன் லெதர்' என்ற முத்திரை ஏதோ ஒரு தோல் என்று மட்டும்தான் சொல்கிறது. எந்தத் தோல், அதில் எந்த அடுக்கு என்று சொல்வதில்லை.

தோலை மெஷினில் கொடுத்துக் கிடைமட்டமாக இரண்டாக, மூன்றாகப் பிளப்பார்கள். முடி இருந்த மேல் அடுக்கில் நார் நெருக்கமாகப் பின்னியிருக்கும், பலமெல்லாம் அங்கேதான். கீழே வருவது ஸ்ப்ளிட். நார் தளர்வு, இழுத்தால் நீளும். அதன் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, அச்சுப்போட்டு மயிர்க்கண்களையும் வரைந்துவிடுவார்கள். பார்க்க மேல் தோலைவிட அழகாகவே இருக்கும். அதற்கும் கீழே ஒரு ஜாதி, வெட்டி விழுந்த தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கியது. மேலே ஒரு தாளளவு தோல், கீழே ஒரு தாளளவு தோல், நடுவில் இந்தத் தகடு. உங்களுடையது அதுதான் என்று நினைக்கிறேன். ஓட்டையில் ஒரு கிலோ தொங்கினால் பிய்யாமல் என்ன செய்யும்?

சில வருஷம் முன்பு எனக்கும் இது நடந்தது. பெரிய கடை, ஏ.சி., சென்ட் வாசனை. 'கன் பெல்ட்' என்றே அட்டை போட்டு வைத்திருந்தார்கள். கையில் நல்ல விறைப்பு. முப்பது வருஷம் தோல் அறுத்தவன் நானே ஏமாந்தேன். இரண்டு மாதத்தில் வலது இடுப்பு எலும்பின் மேல் அது பாய் சுருளுவது போலச் சுருண்டுகொண்டது. பட்டறைக்குக் கொண்டுவந்து கத்தியால் நடுவே கிழித்தேன். மேலே ஸ்ப்ளிட், உள்ளே காக்கி நிற அட்டை, வியர்வை பட்டு ஊறி அப்பளம் மாதிரி உதிர்ந்தது. அந்தத் துண்டை இன்னும் மேஜையில் வைத்திருக்கிறேன். பெல்ட் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

எப்படித் தெரிந்துகொள்வது? பெல்ட்டின் நுனியையும் விளிம்பையும் பாருங்கள். தடியாகப் பெயின்ட் பூசி மூடியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மரப்பட்டையில் பதனிட்ட தோல் என்றால் வெட்டுமுகம் முழுக்க ஒரே பழுப்பு. குரோம் உப்பில் பதனிட்டது நடுவில் நீலமோ சாம்பலோ காட்டும். குரோம் ஓரிரு நாள் வேலை, தோல் மெத்தென்று வரும், செருப்பின் மேல்பாகத்துக்கும் ஜாக்கெட்டுக்கும் அருமை. துப்பாக்கி பெல்ட்டுக்கு அந்த மெத்துதான் எதிரி. நம் ஊரில் ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்து எடுத்த தோல் ஒரு காலத்தில் லண்டன் வரை போனது. 'ஈ.ஐ. லெதர்' என்று அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இப்போது ஆவாரைக்குப் பதில் வாட்டில் என்ற மரத்தின் பட்டைதான் அதிகம், பாதகமில்லை. சென்னை பெரியமேட்டிலோ ஆம்பூரிலோ பட்டையில் பதனிட்ட எருமைத் தோல் கேளுங்கள். முதுகுப் பக்கம் அறுத்த வாராக இருக்கட்டும், வயிற்றுப் பக்கம் நீளும். வாரை நீங்களே வாங்கித் தையல்காரரிடம் கொடுத்தால் அந்த மூவாயிரத்து ஐந்நூறில் பாதிகூட ஆகாது.

ஹூஸ்டனில் இருக்கிறேன். கிளாக் 17 பிஸ்டல். இங்கே எல்லோரும் ஓட்டையில்லாத ராட்செட் நைலான் பெல்ட் போடுகிறார்கள். தோலை விட்டுவிடலாமா?

தாராளமாக. ஹூஸ்டன் வியர்வைக்கு நைலான் தோலைவிடப் பொருத்தம். ஓட்டைக்குப் பதில் உள்ளே பல் பட்டை இருப்பதால் கால் இன்ச், கால் இன்ச்சாக நகர்த்தலாம், உட்கார்ந்தால் தளர்த்தலாம். தோட்டா நிறைத்த கிளாக் 17 தொள்ளாயிரம் கிராம் வாக்கில் இருக்கும். உள்ளே பாலிமரோ எஃகோ பட்டை வைத்தது வாங்குங்கள், வெறும் ஒற்றை நைலான் வேண்டாம். அங்கேயும் அதே சோதனைதான், முறுக்கிப் பாருங்கள். பல் பட்டையில் மணல், நூல் சேர்ந்தால் சில சமயம் தானாக நழுவும். மாதம் ஒருமுறை பிரஷ் போடுங்கள்.

'நிர்பீக்' ரிவால்வர் இருக்கிறது. சுடிதார்தான் போடுவேன். பெல்ட்டுக்கு வழியே இல்லையே? (பெண் மருத்துவர், சேலம்)

இருக்கிறது, அம்மா. பெண்களுக்கென்று 2014-இல் வந்த ரிவால்வர் நிர்பீக், எடை அரைக் கிலோவை ஒட்டியது. டாப்ஸுக்குள் தனியாகக் கட்டும் அகலமான விறைப்பு பெல்ட்டில் உறையைத் தைத்துக்கொள்ளலாம். சுடிதார் நாடாவில் மட்டும் மாட்டாதீர்கள். கைப்பைக்குள் சாவி, பேனாவோடு சும்மா போடவே கூடாது. பையானாலும் பெல்ட்டானாலும் விசையை மூடும் உறை கட்டாயம்.

வெளியே தெரிகிற மாதிரி பெல்ட்டில் மாட்டிக்கொண்டு மைத்துனர் கல்யாணத்துக்குப் போகலாமா?

கூடாது. 2016 ஆயுத விதிகள்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில் இருக்க வேண்டும், முழுவதும் மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 திருத்தத்தின்படி இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மொய் மட்டும் எழுதிவிட்டு வாருங்கள்.

அணிவகுப்பில் போலீஸ் அதிகாரிகள் தோளில் ஒரு குறுக்குவார் போடுகிறார்களே, அது அழகுக்கா?

இன்று பெரும்பாலும் அழகுக்குத்தான். சாம் பிரவுன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1858-இல் வட இந்தியச் சண்டையில் இடது கையை இழந்தவர். ஒரு கையால் வாள் உறையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வாளை உருவ முடியாது. இடுப்பு பெல்ட் சரியாமல் இருக்கத் தோளிலிருந்து ஒரு வார் கொடுத்தார். சரிகிற பெல்ட்டின் தொல்லை அவருக்கும் இருந்திருக்கிறது, வால்பாறைக்காரர் கவனிக்கவும்.

வெளியூரில் கழிவறைக்குப் போனால் என்ன செய்வது? கதவுக் கொக்கியில் மாட்டலாமா?

மாட்டாதீர்கள், மறந்துவிட்டு வருவீர்கள். உறையிலிருந்தும் எடுக்காதீர்கள். பக்கிளைக் கழற்றி, உட்கார்ந்த பிறகு முழங்கால் உயரத்தில் மறுபடி மாட்டி, கால்களை அகட்டினால் விறைப்பான பெல்ட் துப்பாக்கியை அப்படியே தாங்கும். தவறி விழுந்தால் தாவிப் பிடிக்காதீர்கள், விழட்டும். பிடிக்கப் போகிற விரல்தான் விசையில் மாட்டும். இதை வருஷத்துக்கு நான்கு தரமாவது எழுதுகிறேன், அடுத்த முறையும் எழுதுவேன்.

தேங்காய் எண்ணெய் தடவினால் பெல்ட் நன்றாக உழைக்குமா?

பழைய துணி மாதிரித் தொங்கும். எண்ணெய் நாரைத் தளர்த்தும். விறைப்புக்குத்தானே காசு கொடுத்தீர்கள்? தேன்மெழுகு மெலிதாக, வருஷம் இரண்டு தடவை போதும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் தொங்கவிடுங்கள், வெயிலில் வேண்டாம். துப்பாக்கியைத் தோல் உறையோடு பீரோவில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரம் இழுக்கும், தோட்டாவின் பித்தளை பச்சை பூக்கும், இரும்பில் துரு ஏறும். பூட்டி வைக்கும்போது உறை வேறு, துப்பாக்கி வேறு.

கொஞ்சம் இளைத்துவிட்டேன். ஆணியைச் சூடாக்கி இன்னொரு ஓட்டை போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்ளலாம், பிறகு எனக்கு எழுதாதீர்கள். ஆணி நாரைக் கிழிக்கும், சூடு ஓரத்தைக் கருக்கும், அங்கேதான் முதலில் பிய்யும். தெருமுனையில் செருப்புத் தைக்கிறவரிடம் வட்டப் பஞ்ச் இருக்கும். சில்லறைக் காசு வேலை.