ஈரலில் பாக்டீரியாவே இல்லையாம், பிறகு ஏன் இறால் சாகிறது?

கேள்வி: வனாமி இறால் விட்டு 24 நாள் ஆகிறது. நாலு நாளாகத் தட்டில் போட்ட தீவனம் அப்படியே கிடக்கிறது, செத்த இறால் அடியில் சேர்கிறது, ஈரல் வெளுத்துச் சுருங்கிவிட்டது. லேபில் ஈரலைப் பார்த்துவிட்டு திசு உரிந்திருக்கிறது, ஆனால் பாக்டீரியா தென்படவில்லை என்கிறார்கள். தண்ணீரில் மட்டும் விப்ரியோ என்ற பாக்டீரியா இருக்கிறதாம். ஆன்டிபயாடிக் கொடுத்தும் சாவு நிற்கவில்லை. என்ன செய்வது?

பதில்: அந்த ரிப்போர்ட் தப்பாக இருக்க வேண்டியதில்லை, நீங்கள் சொல்வதெல்லாம் ஈரல் அழுகல் நோயோடு, அதாவது முதலில் இ.எம்.எஸ். என்றும் இப்போது ஏ.எச்.பி.என்.டி. என்றும் சொல்கிறார்களே, அதோடு அப்படியே பொருந்துகிறது. 2009 வாக்கில் சீனாவில் தொடங்கி வியட்நாம், மலேசியா, தாய்லாந்து என்று பரவி 2013-இல் மெக்சிகோ வரை போன இந்த நோய்க்குக் காரணம் என்னவென்று ரொம்ப நாள் யாருக்கும் பிடிபடவில்லை. ஈரல் செத்துக் கிடக்கும், உள்ளே தேடினால் கிருமி இருக்காது. 2013-இல்தான் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழு ஆளைப் பிடித்தது: விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். அது உட்கார்ந்திருப்பது இறாலின் இரைப்பையில். அங்கிருந்தபடியே விஷத்தைக் கக்குகிறது, விஷம் மட்டும் ஈரலுக்குப் போய் குழாய்களின் உள்சுவர் செல்களை உரித்துப் போடுகிறது. பாக்டீரியா ஈரலுக்குள் நுழைவது அதற்கப்புறம்தான், செத்த திசுவைத் தின்பதற்கு.

விஷம் என்பது பிர்-ஏ, பிர்-பி என்று இரண்டு புரதங்கள். சேர்ந்து வேலை செய்பவை. இவற்றின் வடிவம் பயிர்ப்புழுக்களைக் கொல்ல நாம் தெளிக்கும் பி.டி. பாக்டீரியாவின் விஷத்தை ஒத்திருக்கிறது. இறாலும் பூச்சியும் ஒரே கணுக்காலி வம்சம் என்று நினைத்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

இந்த விஷத்துக்கான ஜீன்கள் பாக்டீரியாவின் சொந்தக் குரோமோசோமில் இல்லை, தனியாகச் சுற்றும் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கின்றன. அது கைமாறும். அதனால்தான் விப்ரியோ ஹார்வேயி, காம்பெல்லி, ஓவென்சி போன்றவற்றிலும் இதே விஷம் கிடைத்திருக்கிறது. பிளாஸ்மிட் இல்லாத விப்ரியோ எக்கச்சக்கமாக இருந்தாலும் இந்த நோய் வராது, இருக்கிற ஒன்று வந்துவிட்டால் குளம் காலி. ஆகவே லேபில் விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் தட்டில் பச்சைக் காலனி (கிருமிக் கூட்டம்) எத்தனை, மஞ்சள் எத்தனை என்று எண்ணி முடிவுக்கு வராதீர்கள், மஞ்சளாக வளர்பவற்றிலும் இந்த ஜீன் இருக்கலாம். ஜீனையே தேடிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையில் பிர்-ஏ, பிர்-பி ஜீன்களையே தேடச் சொல்லுங்கள், ஈரலோடு இரைப்பையையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆன்டிபயாடிக்கை இன்றே நிறுத்துங்கள். கிருமியைக் கொன்றாலும் ஏற்கெனவே கக்கிய விஷத்தை அது ஒன்றும் செய்யாது, உரிந்த ஈரலை ஒட்ட வைக்காது, மிஞ்சுவது எதிர்ப்புச் சக்தி பெற்ற விப்ரியோதான். தீவனத்தைப் பாதிக்குக் கீழே குறையுங்கள் (தின்னாத தீவனம் விப்ரியோவுக்குத்தான் விருந்து), அடிச்சேற்றையும் செத்ததையும் எடுங்கள், ஏரேட்டரை நிறுத்தாதீர்கள். இதெல்லாம் சேதத்தைக் குறைக்கும், நோயை ஆற்றாது. சாவு தினமும் ஏறினால் அவசர அறுவடைதான், விற்கிற அளவு வராவிட்டாலும் குளத்தை முடித்துவிடுவதே மேல். தண்ணீரைக் கிருமி நீக்காமல் மட்டும் வெளியே விடாதீர்கள்.

அடுத்த முறை பி.சி.ஆர். பார்த்த குஞ்சு வாங்குங்கள். தாய் இறாலுக்கு உயிருள்ள கடற்புழு போடுகிற ஹேட்சரியென்றால் அந்தப் புழுவைச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். அப்புறம், பலரும் சறுக்குகிற இடம் ஒன்று: குளோரின் போட்ட கையோடு குஞ்சு விடுவது. எல்லாக் கிருமியும் செத்த தண்ணீரில் முதலில் பெருகுவது வேகமாக வளரும் விப்ரியோதான். குளோரின் போனபின் புரோபயாடிக் போட்டு, பாசி பிடித்து தண்ணீர் நிறம் நிலைத்த பிறகு விடுங்கள்.