ஓதம் பார்த்துப் புறப்படுங்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிறு காலை துவாஸ் ராஃபிள்ஸ் மரினாவின் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, லிம் சூ காங் வழியாகச் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குச் சென்றோம். பறவைகள் வலசை வரும் காலம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்தும் வெறும் சேற்றையும் நான்கைந்து கொக்குகளையும்தான் கண்டோம். கோடியக்கரைப் பக்கம் வளர்ந்த என் அப்பா மிகவும் ஏமாந்துபோனார். பறவைகள் குறைந்துவிட்டனவா?

ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அப்பாவின் ஏமாற்றம் என்னையும் வருத்தியது. ஓதம் (கடல்நீர் ஏறி இறங்கும் நேரம்) பார்த்துச் செல்லுங்கள் என்று நான் அப்போதே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் கண்ட அந்த ‘வெறும் சேறு’தான் விடை, கடல் வற்றியிருந்த நேரத்தில் சென்றிருக்கிறீர்கள்.

கரைப்பறவைகள் பகல் இரவு பார்த்து இரை தேடுவதில்லை, ஓதம் பார்த்துத் தேடுகின்றன. நீர் வற்றியதும் மண்டாய் போன்ற சேற்றுப் பரப்புகளில் பரவி, அலகால் துழாவிப் புழுவும் சிறு நண்டும் பொறுக்குகின்றன. ஏற்றம் வந்து அந்தச் சேறு மூழ்கும்போதுதான் ஒதுங்க இடம் தேடிச் சுங்கை பூலோவின் குளங்களுக்கு வருகின்றன. அவை முன்பு இறால் வளர்த்த குளங்கள். மதகுகளால் நீர்மட்டத்தைத் தாழ்வாக வைத்திருப்பதால், வெளியே கடல் நிறைந்திருக்கும்போதும் உள்ளே பறவைகள் கால் ஊன்றி நிற்க இடமிருக்கிறது.

கோடியக்கரைக்காரருக்கு இது புதிதாக இருப்பதில் வியப்பில்லை. பாக் நீரிணையில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அது ஏறத்தாழ 3 மீட்டர் வரை போகும்; ஆகவே நேரம் தப்பினால் பறவையும் தப்பிவிடும்.

பறவைகள் குறைந்து வருவதும் உண்மைதான். சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பறக்கும் இவை இளைப்பாறும் மஞ்சள் கடலின் சேற்றுப் பரப்புகளில் பெரும்பகுதி, கடலோரத்தை மண்ணிட்டு நிரப்பும் நிலமீட்பில் போய்விட்டது. இதை எழுதும்போதே மனம் கனக்கிறது. ஆனால் அந்த ஞாயிறு நீங்கள் வெறுங்கையுடன் திரும்பியதற்கு அது காரணமன்று.

செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில், ஓத அட்டவணையில் உயர் ஓதம் முற்பகலில் வரும் நாளாகப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பறவை பார்க்கும் மறைவிடத்தில் அமர்ந்துவிடுங்கள். சிவந்த கால்களுடைய பவளக்காலிகள் கூட்டமாக வந்திறங்கும். ஒற்றைக் காலில் உறங்கும் ஒன்றைத் தண்ணீர் நெருங்கினால், மடக்கிய காலை இறக்காமலே அது தத்தித் தத்தி நகர்வதை உங்கள் அப்பாவுக்குக் காட்டுங்கள்.

கலங்கரை விளக்கத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1851-இல் விளக்கேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க்கும் 1855-இல் எழுந்த ராஃபிள்ஸ் விளக்கும் கடல் நடுவே நிற்பவை. காரில் போய் அருகில் நின்று பார்க்க நமக்கு வாய்த்தது துவாஸ் விளக்குதான். ஜொகூர்ப் பக்கம் சூரியன் இறங்கும் வரை அங்கேயே இருங்கள்.