வீடியோவில் புராஸ்டேட் ஆலோசனை: எதைத் தயாராக வைப்பது?

கேள்வி: 68 வயது அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம். இரவில் நாலைந்து முறை எழுகிறார். அடுத்த பரிசோதனையை வீடியோவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். போதுமா?

பதில்: நேரில் ஒருமுறை ஆசனவாய் வழியாகப் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்த்திருந்தால், மருந்து வேலை செய்கிறதா என்று அறிய வீடியோ தாராளமாகப் போதும். அந்தப் பரிசோதனை நடக்கவில்லையென்றால் முதலில் நேரில் போய்விடுங்கள்.

மிக முக்கியமானது சிறுநீர்க் குறிப்பேடு. அழைப்புக்கு முன் 3 நாட்கள், ஒவ்வொரு முறையும் அளவுக் குவளையில் பிடித்து, நேரத்தையும் மில்லி அளவையும் எழுதுங்கள். குடித்த தண்ணீர், காபியையும் சேர்த்து எழுதுங்கள். இரவில் ஒவ்வொரு தடவையும் நிறைய போகிறதென்றால் காரணம் புராஸ்டேட்டாக இல்லாமல் சர்க்கரை, கால்வீக்கம், மாலையில் குடிக்கும் தண்ணீர் என வேறாக இருக்கலாம். இந்தக் குறிப்பில்லாமல் டாக்டர் ஊகிக்கத்தான் முடியும்.

ஸ்கேன் எடுத்தால், சிறுநீர் கழித்த உடனே சிறுநீர்ப்பையில் எஞ்சிய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தாமதித்தால் அளவு கூடுதலாகத் தெரியும். சிறுநீர்த் தொற்று இருக்கும்போது பிஎஸ்ஏ (புராஸ்டேட் புற்றுநோய் சந்தேகத்தை அறிய உதவும்) ரத்தப் பரிசோதனை வேண்டாம்; வீணாக உயர்ந்து பயமுறுத்தும். சிறுநீர் எளிதாகப் போகத் தரும் டாம்சுலோசின் மாத்திரை சாப்பிட்டால், உட்கார்ந்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லுங்கள்; எழும்போது தலைசுற்றும் மருந்து அது.

சிறுநீர் அடியோடு நின்றாலோ, ரத்தக் கட்டி வந்தாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ வீடியோவுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.