அமெரிக்கக் கறுப்பின வேளாண் பல்கலைக்கழகங்கள்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்காக உருவான வேளாண் பல்கலைக்கழகங்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அப்படி ஒன்றில் மண்ணியல் துறையில் வேலை பார்த்தவன் நான். அதனால் பேச்சில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

சார், ‘1890 பல்கலைக்கழகங்கள்’ என்கிறார்களே, எல்லாமே அந்த ஆண்டில்தான் தொடங்கினவா?

இல்லை. 1890 என்பது சட்டம் வந்த ஆண்டு. அதற்கு முந்தைய கதையைச் சொன்னால்தான் புரியும்.

1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டப்படி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் மத்திய அரசு நிலம் கிடைத்தது. அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்த வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநிலங்களும் இதில் சேர்ந்தன. ஆனால் அங்கே அந்தக் கல்லூரிகளின் கதவு பெரும்பாலும் வெள்ளையருக்கு மட்டுமே திறந்தது. மிசிசிப்பியின் ஆல்கார்ன் ஒரு விதிவிலக்கு. 1871-இல் தொடங்கிய அந்தக் கறுப்பினக் கல்லூரிக்கு முதல் தலைவர் ஹைரம் ரெவெல்ஸ். அமெரிக்க செனட்டில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரும் அவர்தான்.

1890-இல் வந்த இரண்டாவது மோரில் சட்டம் மாநிலங்களுக்கு நிபந்தனை போட்டது: நிறம் பார்க்காமல் சேர்த்துக்கொள், இல்லையென்றால் கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி காட்டு, அப்போதுதான் பணம். தென் மாநிலங்கள் தனிக் கல்லூரிகளையே காட்டின. சில புதிதாக வந்தன, சில ஏற்கெனவே இருந்தவை. மிசூரியின் லிங்கன் பல்கலைக்கழகம் 1866-லேயே இருந்தது. உள்நாட்டுப் போரில் போரிட்ட கறுப்பினப் படைவீரர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பணம் போட்டுத் தொடங்கியது அது. இன்று மொத்தம் 19. கடைசியாகச் சேர்ந்தது ஒஹாயோவின் சென்ட்ரல் ஸ்டேட், 2014-இல்.

அப்படியானால் இவற்றுக்கும் நிலம் கிடைத்ததா?

அந்தச் சட்டத்தில் இல்லை. ரொக்கம்தான். ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 15,000 டாலரில் தொடங்கி, படிப்படியாக 25,000 வரை. அதையும் இரண்டு கல்லூரிகளுக்கும் ‘நியாயமாக’ப் பிரித்துக் கொடு என்றது சட்டம், சமமாக என்று சொல்லவில்லை. எது நியாயம் என்று முடிவு செய்தது நிறப்பிரிவினை நடத்திக்கொண்டிருந்த அதே சட்டமன்றங்கள்.

அப்புறம் ஒன்று. 1862 கல்லூரிகளுக்குக் கொடுத்தார்களே, அந்த நிலமும் பூர்வகுடி மக்களிடமிருந்து பறித்ததுதான். நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த கிட்டத்தட்ட 10 லட்சம் ஏக்கரில் ஒரு பெரிய பங்கு, எங்கோ இருக்கும் விஸ்கான்சினில் இருந்தது.

ஐயா, பீநட் பட்டரைக் கண்டுபிடித்தது கார்வர்தானே? பள்ளியில் அப்படித்தான் படித்தோம்.

இல்லை. கனடாக்காரர் ஒருவர் 1884-லேயே நிலக்கடலை விழுதுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். கார்வரை ‘கடலை விஞ்ஞானி’ ஆக்கி, அவர் செய்த பெரிய வேலையை மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

கறுப்பின வேளாண் விஞ்ஞானியான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896-இல் அலபாமாவின் டஸ்கிகீ கல்லூரிக்கு வந்தார். வருடா வருடம் பருத்தியே போட்டுச் சத்து இழந்த மண் அது. விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தில் பயிரிட்ட கறுப்பின விவசாயிக்கு உரம் வாங்கக் காசு கிடையாது, நிலமும் சொந்தம் இல்லை, கடன் மட்டும் உண்டு. அவரிடம் போய் மூட்டை உரம் போடு என்று சொல்லிப் பயன் இல்லை. கார்வர் சொன்னது வேறு: காட்டு இலைதழையையும் சதுப்பு நிலச் சேற்றையும் மக்கவைத்துப் போடு, பருத்திக்கு நடுவே தட்டைப்பயறு, நிலக்கடலை, சர்க்கரைவள்ளி என்று மாற்றிப் போடு. பயறும் கடலையும் மண்ணில் தழைச்சத்தைக் கூட்டும், வீட்டுக்குச் சாப்பாடும் ஆகும். விளைந்த கடலையை என்ன செய்வது? அதற்குத்தான் 1916-இல் நிலக்கடலையைச் சமைக்க 105 வழிகளைச் சொல்லும் கைப்பிரசுரம் போட்டார். சமையல் குறிப்பாகப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பயிர்ச்சுழற்சி நிலைக்க வேண்டுமானால் அடுப்படி வரை போக வேண்டும் என்று புரிந்துகொண்டவரின் வேலை அது.

விவசாயிகள் கல்லூரிக்கு வந்து படித்தார்களா?

சிலர் வந்தார்கள். டஸ்கிகீயின் நிறுவனர் புக்கர் டி. வாஷிங்டன் 1892 முதல் விவசாயிகள் மாநாடு நடத்தினார். ஆனால் வர முடியாதவர்களே அதிகம். அதனால் 1906-இல் கல்லூரியே வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியது. ஜெசப் என்ற நியூயார்க் வங்கியாளரின் நன்கொடை, எனவே ‘ஜெசப் வண்டி’. குதிரை பூட்டிய அந்த வண்டியில் கலப்பை, விதை, பால் கடையும் கருவி என்று எல்லாம் இருக்கும். ஒரு விவசாயியின் வயலில் நிறுத்தி, செய்து காட்டுவார்கள். அதே ஆண்டில் தாமஸ் மன்ரோ கேம்பல் இந்த வேலைக்கு அமர்த்தப்பட்டார். அமெரிக்க வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்கப் பணியாளர் (ஆராய்ச்சியை வயலுக்குக் கொண்டுசேர்ப்பவர்) அவர். பிறகு வண்டி மோட்டார் லாரி ஆனது, கூடவே ஒரு செவிலியரும் போனார்.

நாடு முழுவதுக்குமான விரிவாக்கச் சட்டம் 1914-இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தக் கல்லூரிகள் தந்துவிட்டுப் போனதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: கையில் எதுவும் இல்லாத விவசாயியிடமிருந்து ஆராய்ச்சியைத் தொடங்கும் பழக்கம்.

அந்த 1914 சட்டத்தால் இவர்களுக்கு நன்மைதானே?

பணம் எந்தக் கல்லூரிக்கு என்பதை மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? 1887-இல் வந்த ஆராய்ச்சி நிலையச் சட்டத்திலும் இதே கதை. கறுப்பினக் கல்லூரிகளின் ஆராய்ச்சிக்கு நிலையான நிதிவழி 1977-இல்தான் கிடைத்தது. 90 ஆண்டு இடைவெளி! பக்கத்துக் கல்லூரி அதற்குள் கட்டடம், ஆய்வகம், பண்ணை எல்லாம் கட்டி முடித்திருக்கும்.

இன்னும் பாகுபாடு இருக்கிறதா, அல்லது பழைய கதையா?

மத்திய அரசு தரும் தொகைக்கு இணையாக மாநிலமும் தர வேண்டும் என்பது விதி. 1862 கல்லூரிகளுக்கு மாநிலங்கள் தாராளமாகவே தருகின்றன. 1890 கல்லூரிகளுக்கு முழுப் பங்கைத் தராமல் விலக்கு கேட்கும் வழி இருக்கிறது, அதைப் பல மாநிலங்கள் பயன்படுத்தின.

2023 செப்டம்பரில் அமெரிக்க வேளாண் அமைச்சரும் கல்வி அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு மாணவருக்கு இரு வகைப் பல்கலைக்கழகங்களுக்கும் மாநிலம் தந்த தொகையை ஒப்பிட்டால், 1987 முதல் 2020 வரை விடுபட்டது 1,200 கோடி டாலருக்கும் மேல் என்றார்கள். டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சுமார் 210 கோடி. அந்த மாநிலச் சட்டமன்றக் குழுவே 2021-இல் போட்ட கணக்கு வேறு: இணைப்பங்கில் தராமல் விட்டது 15 கோடியிலிருந்து 54.4 கோடி டாலர் வரை இருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு 25 கோடி ஒதுக்கினார்கள்.

இப்போது அங்கே என்ன ஆராய்ச்சி நடக்கிறது? ஆடு வளர்ப்பவன் என்பதால் கேட்கிறேன்.

சரியான ஆளிடம் கேட்டீர்கள் அண்ணே. ஒக்லஹோமாவின் லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வெள்ளாட்டுக்கென்றே தனி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மாட்டுக்கும் மக்காச்சோளத்துக்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்க, ஆட்டைக் கவனித்தது இவர்கள். கென்டக்கி ஸ்டேட்டில் பாவ்பாவ் (pawpaw) என்ற காட்டுப்பழம் (நம் சீத்தாப்பழத்தின் உறவு), ஆர்கன்சாவின் பைன் பிளஃபில் மீன் வளர்ப்பு, டஸ்கிகீயில் சர்க்கரைவள்ளி.

புக்கர் வாட்லி பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். டஸ்கிகீ பேராசிரியர். 25 ஏக்கர் வைத்திருப்பவர் மொத்த வியாபாரியை நம்பாமல் பிழைப்பது எப்படி என்று யோசித்தவர். நகரக் குடும்பங்கள் முன்பணம் கட்டி உறுப்பினராக வேண்டும், தாங்களே வந்து பறித்துக்கொள்ள வேண்டும். பண்ணை தார்ச்சாலை ஓரம், நகரத்திலிருந்து 40 மைலுக்குள் இருக்க வேண்டும். இன்று உறுப்பினர் சந்தாவில் நடக்கும் பண்ணைகளைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் அவர் பெயரைச் சொல்வதில்லை.

நம் வேளாண் பல்கலைக்கழகங்களும் இந்த மாதிரியில்தான் வந்தனவா?

ஆமாம், ஆனால் 1862 கிளையிலிருந்து. 1960-இல் தொடங்கிய உத்தராகண்டின் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் துணை நின்றது. ஒரு வித்தியாசம்: அங்கே மாவட்ட விரிவாக்க அலுவலர் பல்கலைக்கழக ஊழியர். நம் ஊரில் அந்த வேலையில் பெரும்பகுதி மாநில வேளாண் துறையிடம்.

அங்கே கறுப்பின மாணவர்கள் மட்டும்தான் சேரலாமா? நான் மண்ணியலில் முதுகலை முடிக்கப் போகிறேன் அண்ணா, விண்ணப்பிக்கலாமா?

யாரும் சேரலாம் தங்கச்சி. மேற்கு வர்ஜீனியா ஸ்டேட்டில் வெள்ளை மாணவர்களே அதிகம். ஆசிரியர்களில் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் நிறைய. அலபாமா ஏ அண்ட் எம்-இல் பயிர், மண் அறிவியலில் முனைவர் பட்டம் உண்டு. அமெரிக்க வேளாண் துறை தரும் 1890 உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும், அதை நம்பாதே. பேராசிரியரின் திட்டத்தில் பணம் இருந்தால்தான் உதவியாளர் இடம். எனவே சேர்க்கை அலுவலகத்துக்கு முன் பேராசிரியருக்கு எழுது. உன் ஆய்வைப் பற்றி 2 பத்தி போதும்.