எக்கோ சவுண்டர் சோதனை: கூடுதல் மெமரி தேவையா?

கேள்வி: கடலூர் முதுநகரில் விசைப்படகுகளின் எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் காட்டும் கருவி) பழுது பார்க்கிறேன். பட்டறையிலேயே சோதிக்க ஒரு வேவ்ஃபார்ம் ஜெனரேட்டர் (நாம் வரைந்து தரும் வடிவத்தில் மின் அலை தரும் கருவி) வாங்கினேன். 30 மீட்டர் ஆழத்து எதிரொலியை, 200 கிலோஹெர்ட்ஸில், கணினியில் 8,192 புள்ளிகளாக வரைந்து ஏற்றினேன். கோணல்மாணலாக ஏதோ வருகிறது. கூடுதல் மெமரி போட வேண்டும் என்று விற்றவர் 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது அலை அல்ல, எண்களின் வரிசை. ஒவ்வொரு புள்ளியின் உயரமும் ஓர் எண். 14 பிட் கருவியானால் 0 முதல் 16,383 வரை. உள்ளே கடிகாரம் துடிக்கத் துடிக்க எண்கள் வரிசையாக வாசிக்கப்பட்டு, டாக் (DAC) என்ற சிப்பில் வோல்டேஜாக மாறுகின்றன. படிக்கட்டாக வருவதை ஃபில்டர் வழவழப்பாக்கி வெளியே விடுகிறது.

கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். 30 மீட்டர் போய்த் திரும்ப 40 மில்லிநொடி. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தையும் சேர்த்து 50 மில்லிநொடிக்கு வரைந்திருப்பீர்கள். 8,192ஆல் வகுத்தால் புள்ளிக்கு 6.1 மைக்ரோநொடி. 200 கிலோஹெர்ட்ஸின் ஒரு சுற்றோ 5 மைக்ரோநொடிதான். சுற்றுக்கு ஒரு புள்ளிகூட இல்லாமல் அலை எங்கிருந்து வரும்? இரண்டுக்கு மேல் கட்டாயம் வேண்டும், உருப்படியாக வர பத்து. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ‘நொடிக்கு 20 கோடி சாம்பிள்’ என்பது எண்களை வாசிக்கும் வேகம்; இங்கே உதவாது. ஒரே எண்ணை ஆயிரம் தடவைக்கு மேல் வாசித்துக்கொண்டிருக்கும். எத்தனை புள்ளி கொள்ளும் என்பதை மட்டும் விவரத்தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்துவைப்பார்கள். பல மாடல்களில் ‘கூடுதல் மெமரி’ என்பது ஏற்கெனவே உள்ளே இருக்கும் சிப்பைத் திறந்துவிடும் ஒரு குறியீட்டு எண், அவ்வளவுதான்.

சும்மா இருக்கும் நேரத்தை மெமரியில் வைக்காதீர்கள். சாதாரண சைன், 200 கிலோஹெர்ட்ஸ், பர்ஸ்ட் மோடில் (சொன்ன அளவு சுற்று விட்டு நின்றுவிடும்) 100 சுற்று. அது அரை மில்லிநொடி. டிரிக்கரை, அதாவது அலையைக் கிளப்பும் சிக்னலை, ‘எக்ஸ்டர்னல்’ ஆக்கி, சவுண்டரின் பிராசஸர் போர்டிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் பல்ஸைக் கொடுங்கள். டிரிக்கர் டிலே 40 மில்லிநொடி. மெனுவில் டிலே இல்லையென்றால் ஒரு 555 டைமர் ஐசி போதும்: 36 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட், கிடைப்பது 39.6 மில்லிநொடி. கெப்பாசிட்டர் ஃபிலிம் வகையாக இருக்கட்டும், எலக்ட்ரோலிட்டிக் போட்டால் ஆழம் நகரும். 555 இறங்கும் பல்ஸில்தான் கிளம்பும். உங்கள் பல்ஸ் ஏறுவதானால் இடையில் ஒரு டிரான்சிஸ்டர். 555 ஐசியின் அவுட்புட் முடியும் இடத்தில் ஜெனரேட்டர் கிளம்ப வேண்டும், ஆகவே ‘ஃபாலிங்’ விளிம்பு.

டிரான்ஸ்மிட்டரின் ஹைவோல்டேஜ் சப்ளையைக் கழற்றி, கெப்பாசிட்டர்கள் இறங்கியதைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் டிரான்ஸ்டியூசர் (தண்ணீரில் ஒலியை விட்டு வாங்கும் பாகம்) முனையில் ஜெனரேட்டரைக் கோக்க வேண்டும். அங்கே வருவது நூற்றுக்கணக்கான வோல்ட்; ஜெனரேட்டரின் அவுட்புட் நொடியில் போய்விடும். வாரண்டியிலும் எடுக்க மாட்டார்கள். ரிசீவருக்குத் தேவை மில்லிவோல்ட், அதற்கும் கீழே. சிக்னலைக் குறைக்கும் 40 டெசிபல் அட்டெனுவேட்டர் போட்டால் 100 மில்லிவோல்ட் 1 ஆகும்.

நீள மெமரி நிஜமாகவே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. கடல்தரையோடு 12 மீட்டர் ஆழத்தில் ஒரு மீன்கூட்டமும் காட்ட வேண்டுமென்றால், அதற்குக்கூடத் தேவையில்லை: ஜெனரேட்டரின் இரண்டாம் சேனலுக்கு 16 மில்லிநொடி டிலே கொடுத்து, இரண்டையும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் வழியாகச் சேர்த்துவிடலாம். ஒரே பிங்கில் (ஒரு தடவை அனுப்பும் ஒலியில்) சிதறிய கூட்டம், சேறு, பாறை என்று ஐந்தாறு எதிரொலிகள் வேண்டுமானால்தான் முழு 50 மில்லிநொடியையும் வரைய வேண்டும். சுற்றுக்குப் பத்துப் புள்ளி என்றால் நொடிக்கு 20 லட்சம் சாம்பிள், மொத்தம் 1,00,000 புள்ளி. அப்போதும், சாம்பிள் வேகத்தை நாமே 20 லட்சத்துக்கு இறக்க முடிகிற கருவியா, புள்ளிக் கணக்கு சேனலுக்கா இரண்டுக்கும் சேர்த்தா என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

மின்வெட்டில் வரைந்த அலை அழிந்தால் பதற வேண்டாம். ஏற்றியது தற்காலிக மெமரியில்தான் நிற்கும். உள் ஃப்ளாஷில் சேமித்தால் போகாது. இதற்கும் ‘மெமரி பழுது’ என்று பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.